புள்ளி மறைந்த நாள்: கடல்மீன் தொட்டியில் நோயறிதலும் வைத்தியமும்

பவுடர் ப்ளூ டேங் வாங்கிய யாரிடமும் சொல்ல ஒரு கதை இருக்கும். இந்தியப் பெருங்கடலின் மீன் அது. மாலத்தீவு, இலங்கைப் பக்கத்துப் பவளப்பாறைகளில் பாசி மேய்வது. வான்நீல உடம்பு, கறுத்த முகம், முதுகில் மஞ்சள் துடுப்பு. பார்த்தவர் வாங்காமல் வரமாட்டார். வாங்கிய ஒரு வாரத்துக்குள் அதன் மேல் தூள் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வந்துவிடும். என் வீட்டிலும் வந்தன. ஒரு ஞாயிறு காலை விளக்கைப் போட்டதும் எண்ணினேன்: இடது மார்புத் துடுப்பில் ஐந்து, வாலடியில் மூன்று. மீன் கல்லில் விலாவை ஒரு முறை உரசிவிட்டுப் போனது. கடைக்காரருக்குப் போன் செய்தேன். "ஒண்ணும் பயப்படாதீங்க சார். பூண்டை நசுக்கி அந்தச் சாறுல தீனியை ஊறவச்சுப் போடுங்க. நாலு நாள்ல போயிடும்" என்றார். நாலு நாள்கூட ஆகவில்லை. புதன்கிழமையே உடம்பு துடைத்துவிட்டாற்போல் சுத்தம். பூண்டின் பெருமையை நண்பர்கள் இருவருக்கு வேலை மெனக்கெட்டுச் சொன்னேன். அடுத்த புதன்கிழமை எண்ண முடியவில்லை. உடம்பெல்லாம் புள்ளி, கண்ணின் மேல்கூட. சனிக்கிழமை மீன் இல்லை. அதன் பின்னாலேயே கோமாளி மீன்கள் இரண்டும் போயின.

புள்ளி மறைந்ததற்கும் பூண்டுக்கும் சம்பந்தமில்லை. புள்ளியாக இருந்த ஒட்டுண்ணி வயிறு நிறையத் தின்றுவிட்டு, இறங்க வேண்டிய நாள் வந்ததும் இறங்கிப் போயிருந்தது. கடல்மீன் வளர்ப்பில் நடக்கும் தப்பான வைத்தியத்தில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்தில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரிவதை நோய் என்கிறோம், தெரியாமல் போனால் குணம் என்கிறோம். எல்லோரும் மருந்தின் பெயரைத்தான் கேட்கிறார்கள். நாள் கணக்கை யாரும் கேட்பதில்லை.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். கடல்மீனின் வெள்ளைப்புள்ளி நோயைக் கொண்டுவரும் உயிரியின் பெயர் கிரிப்டோகேரியான் இரிடன்ஸ். மீன் வளர்ப்பவர்கள் மெரைன் இக் என்பார்கள். உடல் முழுக்க நுண்மயிர் கொண்ட ஒற்றைச் செல் உயிரி அது. தோலின் மேல் உட்காராமல் மேல்தோலுக்கு அடியில் புகுந்துகொண்டு, அங்கேயே சுழன்று சுழன்று திசுவைத் தின்னும். மூன்று முதல் ஏழு நாளில் மீனை விட்டு இறங்கும். மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு சில மணி நேரத்தில் தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொள்ளும். உறைக்குள் பிளந்து பிளந்து ஒன்று இருநூறாகப் பெருகும். உறை திறக்க மூன்று நாளும் ஆகலாம், நான்கு வாரமும் ஆகலாம்; 72ஆம் நாள் திறந்ததும் பதிவாகியிருக்கிறது. வெளியே வரும் குஞ்சுகளுக்கு ஆயுள் ஒன்றிரண்டு நாள்தான். அதற்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் சாவு. அவை பெரும்பாலும் இருட்டிலேயே வெளிவருகின்றன, மீன் பாறை இடுக்கில் அசையாமல் கிடக்கும் நேரமாகப் பார்த்து. இந்தக் காலக்கணக்கைப் பொறுமையாகத் தொகுத்தவர்களில் முக்கியமானவர் இஸ்ரேலின் எய்லாத் நகரில் ஆராய்ந்த ஆஞ்சலோ கோலோர்னி. 1980-களில் வெளியான அவருடைய ஆய்வுகளை ஒட்டித்தான் இன்றைய வைத்திய முறைகள் பலவும் அமைந்திருக்கின்றன.

கடலிலும் இந்த ஒட்டுண்ணி உண்டு. ஆனால் அங்கே இருநூறு குஞ்சு வெளிவந்தால் அலை அடித்துப்போகும். ஒன்றிரண்டுக்கு மீன் கிடைத்தால் அதிர்ஷ்டம். நாலடித் தொட்டியில் இருப்பது முந்நூறு லிட்டர். மீன் எங்கே ஓடும்? எட்டுப் புள்ளி ஆயிரத்து அறுநூறாக வாய்ப்புண்டு. முதல் சுற்றில் மீன் அநேகமாகச் சாவதில்லை, இரண்டாவது மூன்றாவது சுற்றில்தான் சாகிறது. நான் பூண்டுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்த ஏழு நாளும் தொட்டியின் தரையில் அந்தப் பெருக்கல் நடந்துகொண்டிருந்தது.

இந்த நோய்களுக்குப் பெயர் கிடைத்த இடங்களும் இதையேதான் சொல்கின்றன. மெரைன் இக்குக்கு 1951இல் இன்றைய பெயரை வைத்தவர் ஈ.எம். பிரவுன், லண்டன் விலங்கியல் சங்கத்தின் மீன் காட்சிசாலையில் கிடைத்ததை வைத்து. அதற்கு இருபது ஆண்டு முன்பே, 1931இல், இன்னொரு கொலைகார ஒட்டுண்ணியையும் அங்கிருந்தே விவரித்தவர் அவர். அதைப் பற்றிப் பிறகு. கோமாளி மீன்களைக் கொல்லும் புரூக்ளினெல்லாவை 1970இல் லோம், நைக்ரெல்லி என்ற இருவர் விவரித்தார்கள். பெயரிலேயே நியூயார்க்கின் புரூக்ளின் இருக்கிறது. கண்ணை மறைக்கும் தோல்தட்டைப்புழு ஒன்றும் 1927இல் நியூயார்க் காட்சிசாலை மீன்களிலிருந்துதான் அடையாளம் காணப்பட்டது. கடலில் கூட்டத்தோடு கூட்டமாக இருந்தவை கண்ணாடிக்குள் வந்ததும் கொள்ளை நோயாகிவிட்டன.

நன்னீர்த் தொட்டிக்காரர்களுக்கு இக் பழைய எதிரி. சூட்டை ஏற்று, கல்லுப்பைப் போடு என்று அதற்கு ஒரு கைவைத்தியமும் உண்டு. கடல் தொட்டிக்கு மாறும்போது அந்த அறிவையும் சுமந்துகொண்டு வந்துவிடுகிறார்கள். நன்னீர் இக்கும் கடல் இக்கும் பார்க்க ஒன்றுபோலிருந்தாலும் உறவு இல்லை. மரபணு ஒப்பீட்டில் தனித்தனிக் கிளை என்று தெரிந்துவிட்டது. கடல் இக்கை ஹீட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்னொரு பெயர்க் குழப்பம் நம் ஊருக்கே உரியது. கடலோர இறால் பண்ணைக்காரரிடம் வெள்ளைப்புள்ளி என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். 1994 வாக்கில் வந்து பண்ணை பண்ணையாக அழித்த இறால் நோய் அது, வைரஸால் வருவது. மீனின் வெள்ளைப்புள்ளிக்கும் அதற்கும் புள்ளி ஒன்றுதான் பொது.

ஆகவே புள்ளியை மட்டும் நம்புவதற்கில்லை. காலிஃபிளவர் பூவைப்போல் துடுப்பு விளிம்பில் திரளும் வெள்ளைக் கட்டி லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ் நோய். மருந்தும் இல்லை, தேவையும் இல்லை. நல்ல தீனி போட்டுச் சில வாரம் பொறுத்தால் தானே உதிரும். அதற்கு மருந்து ஊற்றி மீனைக் கொன்றவர்களை எனக்குத் தெரியும். மணல் துகளும் சளித் திட்டும்கூடப் புள்ளியாகத் தெரியும். எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். ஒரு புள்ளிகூட வெளியே தெரியாமல் செவுளுக்குள் நோய் முற்றிப்போயிருக்கும்.

அப்படிக் கொல்வதுதான் வெல்வெட். பிரவுன் 1931இல் விவரித்தது இதைத்தான். இன்றைய பெயர் அமைலூடினியம் ஓசெல்லேட்டம். கடல்மீன் தொட்டியில் நான் உண்மையில் பயப்படுவது இது ஒன்றுக்கே. இக் மீனை வாரக்கணக்கில் வாட்டும்; வெல்வெட்டுக்கு மூன்று நாள் போதும். முதலில் செவுளில்தான் ஒட்டும். அங்கே நுண்வேர்களைத் திசுவுக்குள் இறக்கித் தின்று, சில நாளில் இறங்கி, உறை கட்டி, 256 வரை குஞ்சு விடும். தோலில் தெரியும்போது அது புள்ளியாகக்கூட இருக்காது. மங்கிய பொன்தூள் பூசினாற்போல் ஒரு படலம். தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை நேரே காட்டாமல் மீனின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கண்ணில் படும். மஞ்சள் மீனில் அதுவும் தெரியாது. அங்கே மீனின் நடத்தைதான் சாட்சி. நேற்றுவரை தீனிக்கு முதல் ஆளாக வந்த மீன் இன்று வரவில்லை. பம்ப் நீரைத் தள்ளும் இடத்தில் முகத்தைக் காட்டி நிற்கிறது. வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்குகிறது. செவுள் மூடி படபடவென்று அடிக்கிறது.

மூச்சை எண்ணுவது இந்தத் துறையின் நாடி பார்த்தல். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்குச் செவுள் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ண வேண்டும். இனத்துக்கு இனம், மீனுக்கு மீன் மாறும் என்பதால் பொது அளவு எதுவும் பெரிதாக உதவாது. மீன் நன்றாக இருக்கும்போதே எண்ணி எழுதிவைத்திருக்க வேண்டும். என்னிடம் இருந்த மஞ்சள் டேங் ஒன்றுக்கு வழக்கமான எண் 70. ஒரு மாலை 130 எண்ணினேன். உடம்பில் ஒன்றுமே இல்லை, தீனியும் எடுத்தது. மறுநாள் காலை பொன்தூள்.

வேகமான மூச்செல்லாம் ஒட்டுண்ணியால் வருவதல்ல. ஒட்டுண்ணியைத் தேடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஒரு மீனுக்கா, எல்லா மீனுக்குமா? எல்லாம் ஒரே நேரத்தில் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்தால் கோளாறு அநேகமாக நீரில். சென்னை மே மாதத்தில், நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டி 32 டிகிரிக்குப் போய்விடும். 25 டிகிரிக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 32இல் 6 மில்லிகிராம்தான். சூட்டில் மீனுக்கு மூச்சுத்தேவை கூடும் நேரத்தில் கையிருப்பு குறைகிறது. அடுத்து அம்மோனியா. புதுத் தொட்டி, பாறைக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் மீன், மருந்தால் அழிந்த ஃபில்டர் பாக்டீரியா, எதனாலும் அது ஏறலாம். நன்னீர்க்காரர்கள் அஞ்சும் நைட்ரைட் இங்கே அத்தனை கெடுதல் செய்வதில்லை. கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு செவுள் வாசலில் அதற்கு வழிவிடாது.

மீன் பையில் வரும் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தில் நடக்கும் கொலை அது. வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரும் மீன் பல மணி நேரம் பைக்குள் மூச்சு விட்டிருக்கும். கரியமில வாயு சேர்ந்து நீரின் பிஎச் தாழ்ந்திருக்கும். மீன் கழித்த அம்மோனியாவும் சேர்ந்திருக்கும். பிஎச் தாழ்ந்திருப்பதால் அது நஞ்சு குறைந்த அம்மோனியமாகவே இருக்கும். நாம் பையைத் திறந்து, மீனுக்குப் பழக்கமாகட்டும் என்று தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விடுகிறோம். கரியமில வாயு பறக்கிறது, பிஎச் ஏறுகிறது, அம்மோனியம் அம்மோனியாவாகிறது. மீன் அதே நீரில்தான் நிற்கிறது. பக்கத்துத் தெருக் கடையிலிருந்து அரை மணியில் வந்த மீனுக்குச் சொட்டுமுறை சரி. நெடும்பயணம் வந்த மீனுக்கு உப்பளவையும் சூட்டையும் முன்கூட்டியே பொருத்திவைத்துவிட்டு, பையைத் திறந்ததும் மாற்றிவிடுவதே மேல்.

இன்னொரு மரணத்தை வீட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பிலிப்பைன்ஸில் 1960-களிலிருந்து, பிறகு இந்தோனேசியாவிலும், பாறை இடுக்கில் சயனைடு பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பரவியது. சட்டம் தடுத்தாலும் முற்றாக ஒழியவில்லை. அப்படிப் பிடிபட்ட மீன் பார்க்க நன்றாக இருக்கும், தின்னும், சில வாரத்தில் காரணம் தெரியாமல் சாகும். தொட்டிக்காரர் தன் நீரைச் சந்தேகித்துக்கொண்டிருப்பார்.

நீர் சரி, ஒன்றிரண்டு மீன்தான் நோய்ப்பட்டிருக்கிறது என்றால் ஆளை அடையாளம் காணும் வேலை. இனத்தைப் பார்த்தே பாதி ஊகிக்கலாம். கடலிலிருந்து பிடித்து வந்த கோமாளி மீன், உடம்பிலிருந்து சளி உரிந்து உரிந்து தொங்குகிறது என்றால் முதல் சந்தேகம் புரூக்ளினெல்லா. பச்சை க்ரோமிஸ் விலாவில் சிவந்த புண் என்றால் யூரோனீமா. அது தசைக்குள் இறங்கிவிட்டால் வெளியே ஊற்றும் மருந்து எட்டாது. கண் மங்குகிறது, மீன் தலையை உதறுகிறது, வேறு எதுவும் தெரியவில்லை என்றால் தட்டைப்புழு. புழுவைக் கண்டுபிடிக்கும் வழி வேடிக்கையானது. சூடும் பிஎச்சும் தொட்டிக்குச் சமமாக்கிய நன்னீரில், கறுப்பு வாளியில், மீனை ஐந்து நிமிடம் விட வேண்டும். மீன் தாங்கும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல் கொண்ட புழு தாங்காது. நீரை உறிஞ்சி வெளுத்து, எள்ளளவு வெள்ளைத் தட்டாகக் கழன்று வாளியின் அடியில் விழும். நான் முதன்முதலில் செய்தபோது 23 எண்ணினேன். அதுவரை அந்த மீனுக்கு வைட்டமின் குறை என்று நினைத்திருந்தேன்.

உறுதியான பதில் வேண்டுமென்றால் நுண்ணோக்கி. கல்லூரி மாணவர்கள் வைத்திருக்கும் சாதாரணக் கருவி போதும். நாற்பது முதல் நூறு மடங்கு பெரிதாக்கினால் எல்லாம் தெரியும். மீனைக் கையில் பிடித்து, கண்ணாடித் தகட்டின் விளிம்பால் தலையிலிருந்து வால் பக்கமாக மெல்ல ஒரு இழுப்பு இழுத்து, அந்தச் சளியில் ஒரு சொட்டுத் தொட்டி நீர் விட்டுப் பார்க்க வேண்டும். கறுத்த உருண்டை மெதுவாகச் சுழன்றால் இக். அசையாமல் ஒட்டியிருக்கும் பேரிக்காய் வடிவப் பழுப்புப் பை என்றால் வெல்வெட். சிறுநீரக வடிவில் தட்டையாக வழுக்கிக்கொண்டு போவது புரூக்ளினெல்லா. கண்ணீர்த்துளி வடிவில் தறிகெட்டு ஓடுவது யூரோனீமா. கொக்கி தெரிந்தால் தட்டைப்புழு. முதல் நாள் எல்லாமே தூசாகத்தான் தெரியும்; நாலைந்து முறை பார்த்தால் கண் பழகிவிடும். செத்த மீனிலும் பார்க்கலாம், உடனே பார்த்தால். செத்தவுடன் ஒட்டுண்ணிகள் இறங்கத் தொடங்கிவிடும். ஃப்ரீசரில் வைத்தால் திசு சிதைந்துவிடும். பையில் போட்டு ஐஸ்மேல் வைத்து எடுத்துப்போக வேண்டும்.

இனி மருந்து. இதில் மூத்தது தாமிரம். சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சிசாலையில் இருந்த ராபர்ட் டெம்ப்ஸ்டர் 1955இல் வெல்வெட்டுக்குத் தாமிர சல்பேட்டைக் கொண்டு செய்த வைத்தியத்தை வெளியிட்டார். எழுபது ஆண்டு கழித்தும் அதுதான் முதல் மருந்து. தாமிர சல்பேட் என்றால் வேறொன்றுமில்லை, மயில்துத்தம். விவசாயிகள் சுண்ணாம்போடு கலந்து பூஞ்சைக்கு அடிக்கிறார்களே, அதே நீலக் கல். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது என்று யாராவது வாங்கிவந்து ஒரு சிட்டிகை போடும் முன் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். வேண்டியது லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் தாமிரம். நூறு லிட்டருக்கு 20 மில்லிகிராம். மயில்துத்தத்தின் எடையில் கால்பங்குதான் தாமிரம் என்பதால் 80 மில்லிகிராம் துத்தம். ஐந்து கிராம் பிடிக்கும் டீஸ்பூனில் அறுபதில் ஒரு பங்கு. அதற்குக் கீழே ஒட்டுண்ணி சாகாது. கொஞ்சம் மேலே போனால் மீன் சாகும். இறாலும் நத்தையும் பவளமும் இந்த அளவிலேயே செத்துவிடும். தொட்டியில் மணலும் பாறையும் இருந்தால் சுண்ணாம்பு தாமிரத்தை இழுத்துக்கொள்ளும். காலையில் இருந்த அளவு மாலையில் இருக்காது. டெஸ்ட் கிட் இல்லாமல் தாமிரம் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி போடுவது. கடையில் விற்கும் பிணைப்புத் தாமிரம் மீனுக்குச் சற்று இதமானது, ஆனால் அதன் அளவே வேறு: லிட்டருக்கு 2.0 முதல் 2.5 மில்லிகிராம். பத்து மடங்கு. ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டு ஒரே இரவில் தொட்டியைக் காலி செய்தவர்கள் உண்டு.

தாமிரத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியாத விஷயம், அது புள்ளியைத் தொடுவதே இல்லை. தோலுக்கு அடியில் இருக்கும் இக்குக்கும் எட்டாது, உறைக்குள் இருப்பதற்கும் எட்டாது. நீந்தும் குஞ்சை மட்டுமே கொல்லும். அதனால்தான் மருந்து போட்ட மூன்றாம் நாள் புள்ளி மறைந்ததும் நிறுத்துவதற்கும் போடாமலே இருப்பதற்கும் பெரிய வித்தியாசமில்லை. முப்பது நாள் அளவு இறங்காமல் வைத்திருக்க வேண்டும். அல்லது இரண்டு வாரம் முடிந்ததும் மீனைச் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

மருந்தே இல்லாத வைத்தியமும் ஒன்று உண்டு. இதுவரை வந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது. கோலோர்னியின் நாள் கணக்கிலிருந்து பிறந்தது. இரண்டு வெறும் தொட்டி வேண்டும். மீனை மூன்று நாளுக்கு ஒருமுறை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டே போக வேண்டும். காலியானதைக் கழுவி ஈரமே இல்லாமல் காயவைக்க வேண்டும். இறங்கிய ஒட்டுண்ணி உறை கட்டிக் குஞ்சு விடுமுன் மீன் அங்கே இல்லை. நான்கு மாற்றம், பன்னிரண்டு நாள். மீன்மேல் ஏழு நாளுக்கு மேல் எதுவும் தங்குவதில்லை என்பதால் கடைசி ஒட்டுண்ணியும் எங்கோ ஒரு தொட்டியின் அடியில் காய்ந்துபோயிருக்கும். குறை ஒன்றுதான்: இக்குக்கு மட்டும் பலிக்கும். வெல்வெட்டின் கடிகாரம் வேறு. தட்டைப்புழுவின் முட்டை வேறு.

உப்பைக் குறைப்பதும் இக்குக்கு மட்டுமே. கடல்நீரின் ஒப்படர்த்தி 1.025 அளவில் இருக்கும். அதைப் படிப்படியாக 1.009க்கு இறக்கி நாலு வாரம் வைத்தால் உறைகள் அழியும். மீனின் உடல்திரவமே கடல்நீரில் மூன்றில் ஒரு பங்கு உப்புத்தான் என்பதால் மீனுக்கு ஓய்வுகூட. ஆனால் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் துல்லியமாக இருக்க வேண்டும், 1.012இல் நின்றுவிட்டு பலிக்கவில்லை என்று புலம்புவது வழக்கமாக நடக்கிறது. குறைந்த உப்பைத் தாங்கும் ரகங்களும் பதிவாகியிருக்கின்றன. சுறா, திருக்கைக்கு இந்த முறை கூடாது, தாமிரமும் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மலேரியா மாத்திரையான குளோரோகுயின் லிட்டருக்கு 10 முதல் 15 மில்லிகிராம் அளவில் வெல்வெட்டுக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் தொட்டியில் அளக்க வீட்டுக் கிட் கிடையாது. இந்த மருந்து மீனைக் கடந்து ஒருமுறை செய்தியானது. 2020 மார்ச்சில், கோவிட் பீதியில், அமெரிக்காவின் அரிசோனாவில் மீன்தொட்டிக்கான குளோரோகுயினை விழுங்கி ஒருவர் இறந்தார். புரூக்ளினெல்லாவுக்கு ஃபார்மலின் குளியல்தான் கைகண்டது; பிணத்தைப் பதப்படுத்தும் அதே திரவம், மனிதருக்குப் புற்றுநோய் தருவது, நீரில் ஆக்சிஜனை இழுப்பது. கையுறையும் காற்றோட்டமும் ஏர் பம்பும் இல்லாமல் மூடியைத் திறக்கக் கூடாது. அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்தப் பாட்டிலே கூடாது. தட்டைப்புழுவுக்கு மனிதருக்கும் நாய்க்கும் கொடுக்கும் பிராசிகுவான்டெல். முட்டையை அது கொல்லாது. ஒரு வாரம் விட்டு, முட்டை பொரிந்தபின் இரண்டாம் முறை போட வேண்டும். இங்கேயும் காலண்டர்தான். ஆன்டிபயாடிக்கைப் பற்றி ஒன்று மட்டும்: டெட்ராசைக்ளின் வகையைக் கடல்நீரில் கரைப்பது பெரும்பாலும் வீண். நீரின் கால்சியமும் மக்னீசியமும் அதைப் பிணைத்துக்கொள்கின்றன. தீனியில் கலந்தால் பலன் உண்டு, மீன் தின்றால்.

பவளத்துக்கும் பாதுகாப்பு, ஒட்டுண்ணிக்கும் எமன் என்று லேபிள் ஒட்டிய பாட்டில்கள்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இறாலுக்கும் புழுவுக்கும் பவளத்துக்கும் ஒன்றும் செய்யாமல் ஒற்றைச் செல் உயிரியை மட்டும் தேடிப் பிடிக்கும் திரவம் என்ன என்று லேபிளில் எழுதியிருப்பதும் இல்லை. துப்புரவு மீனும் துப்புரவு இறாலும் வாங்கிவிட்டால் ஒட்டுண்ணியைப் பொறுக்கித் தின்றுவிடும் என்பதும் அதே வகை. துப்புரவு மீன் பெரும்பாலும் தின்பது கண்ணுக்குத் தெரியும் சிறு ஓட்டுடலிகளை. தோலுக்கு அடியில் புதைந்ததை அது எப்படி எடுக்கும்? யூவி விளக்கு தன்னைக் கடந்து போகும் குஞ்சைக் கொல்லும். மீனுக்கு நேரே போகும் குஞ்சைக் கொல்லாது. பூண்டு மீனுக்குப் பசியைத் தூண்டலாம். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க ஆதாரமில்லை.

இத்தனைக்கும் பிறகு, நோயோடு வாழப் பழகுவதே நல்லது என்று வாதிடும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. இக் வந்து பிழைத்த மீனுக்குச் சில மாதம் எதிர்ப்பு இருக்கும் என்பது ஆய்வில் தெரிந்தது. பவளம் நிறைந்த தொட்டியில் மருந்தும் போட முடியாது. மீன்கள் நன்றாகத் தின்னும், சண்டையில்லாத தொட்டியில் ஒட்டுண்ணி அடங்கிக் கிடக்கும். என் நண்பர் ஒருவர் அப்படித்தான் மூன்று ஆண்டு ஓட்டினார். புதிய மீனைப் பிரித்துவைப்பது கோழைத்தனம் என்பார். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் வந்தது. அவர் தெருவில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. பேட்டரி ஏர் பம்பை வைத்து ஒரு மீன்கூடச் சாகாமல் காப்பாற்றிவிட்டார். மின்சாரம் வந்த ஐந்தாம் நாள் டேங் மீன்மேல் புள்ளி. பத்து மீனில் மூன்று மிஞ்சின. அடங்கிக் கிடந்தது எத்தனை நாள் அடங்கிக் கிடக்கும் என்பது மின்வாரியத்தையும் பொறுத்தது.

ஒழிப்பது என்று முடிவெடுத்தால் வழி ஒன்றே. மீனையெல்லாம் பிடித்து வேறு தொட்டியில் வைத்தியம் பார்க்க வேண்டும். பவளத் தொட்டியை மீனே இல்லாமல் பட்டினி போட வேண்டும். அந்த 72 நாள் பதிவை மனதில் வைத்து நான் எண்பது நாள் போட்டேன். மீனில்லாத மீன்தொட்டியை எண்பது நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி என்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்க வேண்டும்.

மருந்து தேடி அலைந்து கடைசியில் காரணம் தொட்டிக்குள்ளேயே இருந்த கதையும் ஒன்று உண்டு. டேங் மீன்களுக்குத் தலையிலும் பக்கக்கோட்டிலும் தோல் அரித்துக் குழி விழும். வைட்டமின் குறை, மின்கசிவு, ஒட்டுண்ணி என்று பல ஆண்டு பலவிதமாகச் சொன்னார்கள். 2011இல் ஜே ஹெம்டாலும் அவருடைய சக ஆய்வாளரும், ஓஷன் சர்ஜன் என்ற மீன்களைப் பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த ஆக்டிவேட்டட் கார்பன் போட்ட நீரிலும் போடாத நீரிலும் வளர்த்துப் பார்த்தார்கள். கார்பன் போட்ட பக்கம் அரிப்பு வந்தது. நீரைச் சுத்தமாக்கப் போட்ட கறுப்புத் தூள்தான் மீனின் முகத்தைத் தின்றிருந்தது. எல்லா அரிப்புக்கும் இதுவே காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் அதைப் படித்த அன்றே என் கார்பன் பையை எடுத்துவிட்டேன்.

வளர்ப்பவர் கைக்கும் ஒரு வார்த்தை. 1926இல் ஆரன்சன் என்பவர் ஃபிலடெல்ஃபியா காட்சிசாலையில் செத்த கடல்மீன்களிலிருந்து காசநோய்க் கிருமியின் உறவினன் ஒன்றைப் பிரித்தெடுத்தார், மைக்கோபாக்டீரியம் மெரைனம். மீன் மெலிந்து, வயிறு ஒட்டி, மாதக்கணக்கில் சாகும். நம்பத்தக்க மருந்து கிடையாது. அதே கிருமி விரல் கீறல் வழியாக மனிதருக்கும் வரும். ஆறாத கட்டி ஒன்று விரலிலிருந்து முன்கை நோக்கி வரிசையாக ஏறும். தோல் மருத்துவரிடம் போகும்போது வீட்டில் மீன்தொட்டி இருக்கிறது என்பதை நாமே சொல்ல வேண்டும்; அவராகக் கேட்பது அரிது. நமக்காவது போய்க் காட்ட மருத்துவர் இருக்கிறார். மீனுக்கு நாம்தான். ஊரில் நாய்க்கு வைத்தியர் தெருவுக்குத் தெரு உண்டு. மீனைக் கொண்டுபோனால் மேசைமேல் எங்கே வைப்பது என்றே தெரியாமல் பார்க்கிறார்கள்.

என் வீட்டுப் பின்னறையில் இப்போது இரண்டடித் தொட்டி ஒன்று இருக்கிறது. மணலும் கல்லும் இல்லை. மூன்று பிவிசி குழாய்த் துண்டு, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர். பார்க்க ஆஸ்பத்திரி மாதிரிதான் இருக்கும். உள்ளே இன்னொரு பவுடர் ப்ளூ டேங்; ஆசை யாரை விட்டது. சுவரில் தினசரி காலண்டர். வந்த நாளிலிருந்து தாளைக் கிழித்து, பின்பக்கம் மூச்சு எண்ணையும் தீனி எடுத்ததா என்பதையும் எழுதி ஆணியில் குத்திவைக்கிறேன். இன்று 17ஆம் தாள். நேற்று மாலை மூச்சு 74, தீனி எடுத்தது. இன்று காலை குழாயின் விளிம்பில் ஒருமுறை உரசியது. ஒரே ஒரு முறைதான். எழுதிவைத்துவிட்டு, விளக்கை அணைத்து, டார்ச்சைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.